கொளஞ்சியம்மாள் பலகை ஏறிய படம்

நடப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போதும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் அந்தப் படிப்பால் என் வீட்டில் சில நாள் பேச்சே நின்றுபோயிற்று, அதனால் சொல்கிறேன்.

மாசி மாதம். கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே நாராயணசாமியின் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டுச் செட்டுக்கு நான் மேஸ்திரி, பெயர் சின்னக்கண்ணு. செட்டு என்றால் ஆணும் பெண்ணுமாக ஒரே தெருக்காரர்கள். ஆலையிலிருந்து உத்தரவு வந்ததும் கொல்லையில் இறங்குவோம். வெட்டி, காய்ந்த தோகையான சோகையைக் கழித்து, கட்டாகக் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்பினால் எங்கள் வேலை முடிந்தது. என் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளும் செட்டில்தான். அவள் தம்பி முனியனும் செட்டில்தான், அவனுக்கு வேலையைவிட வாய் ஜாஸ்தி.

எல்லாவற்றிலும் கஷ்டம் லாரியில் ஏற்றுவதுதான். லாரிமேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்திருப்போம். தலையில் கரும்புக் கட்டோடு அதில் ஏறி, மேலே தள்ளிவிட்டு இறங்க வேண்டும். பொம்பளைகள் லாரியடிவரைக்கும் கட்டைக் கொண்டுவந்து போடுவார்கள், பலகை ஏறுவது ஆம்பளைகள். கொளஞ்சியம்மாள் மட்டும் ஏறுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆள் குறைந்துபோனதால் ஏறினாள், அதற்குப் பிறகு அவளை யாரும் கீழே நிறுத்த முடியவில்லை. இந்த வருஷம்தான் முட்டி பிடிக்கிறது என்கிறாள். அடுத்த வெட்டுக்குப் பலகை ஏறப்போவதில்லை என்று பொங்கலப்போதே சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் ஒரு காலையில் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து வரப்பில் நின்றாள். பெயர் சந்தியா, ஊர் சின்னசேலம். மலையடிவாரத்தில் புதிதாக வந்திருக்கிற பல்கலைக்கழகத்தில் நூலகம் அவள் பொறுப்பு. மனிதர்கள் உடம்பை எப்படி அசைக்கிறார்கள் என்பதற்கென்று அங்கே தனியாக ஒரு படிப்பு ஆரம்பிக்கிறார்களாம். நடப்பது, ஓடுவது, தூக்குவது, ஆடுவது, விழுந்தவன் எழுந்து நிற்பது, எல்லாம் அதில் சேர்த்தியாம். அதற்குத்தான் புத்தகம் சேர்க்கிறாள். பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது, ஆனால் எதைத் திறந்தாலும் வேறு தேசத்து உடம்பாகவே இருக்கிறது, நம் பக்கத்து ஆட்களைப் பார்க்க ஒன்றுமே இல்லை, அதனால் நானே படம் பிடித்துப் புத்தகத்தோடு புத்தகமாக அலமாரியில் வைக்கப்போகிறேன் என்றாள். கல்வராயன் மலையில் கடுக்காய் மூட்டை சுமந்து இறங்குகிறவர்களை எடுத்தாயிற்றாம். அடுத்தது கரும்பு ஏற்றுகிறவர்களாம்.

“அப்ப எங்க மாமாவ எடுங்க மேடம்” என்றான் முனியன். “வேலைக்கு வர்ற நட வேற, எங்கம்மா வூட்டுக்குக் கறி துன்ன வர்ற நட வேற. அந்த நடைக்குக் குதிர தோத்துடும்.”

செட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. போன வருஷம் பக்கத்து ஊரில் கரும்பு வெட்டும் மிஷின் இறங்கியபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒரு வீடு அளவுக்கு இருந்தது. மனுஷன் எப்படி வெட்டுகிறான், எப்படி ஏற்றுகிறான் என்று எவனோ உட்கார்ந்து பார்க்காமல் அப்படி ஒன்றைச் செய்திருக்க முடியாது. இந்தப் பெண் அதற்குத்தான் வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் இவளுக்கே தெரியாமல் இவளை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. முகத்துக்கு நேரே கேட்டேன். அப்படி இல்லை என்றாள். அப்படித்தான் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

நாராயணசாமிக்கு ஆட்சேபணை இல்லை. தன் கரும்பு படத்தில் வருவதில் அவருக்குச் சந்தோஷம். கரும்புக்காரரே சரி என்ற பிறகு நான் முடியாது என்றால் நன்றாக இருக்காது. அதனால் வரட்டும் என்று விட்டுவிட்டு, துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினேன்.

துண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் ரெண்டு நடை உண்டு. ஒன்று நாங்கள் மட்டும் இருக்கும்போது நடப்பது. இன்னொன்று வரப்பில் யாராவது நின்று பார்க்கும்போது நடப்பது, அதற்கு வரப்பு நடை என்று பெயர். கரும்புக்காரரோ ஆலை ஆளோ வந்து நின்றால் நான் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை. கத்தி வீச்சு தளரும், கட்டு சின்னதாகும், ஆளாளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். என் அப்பன் மேஸ்திரியாக இருந்தபோதும் இது உண்டு. ஏமாற்று வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். முழு வேகத்தைக் காட்டினால் மறுநாள் அதுவே அளவாகிவிடும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து கால் தள்ளாடினால், நேற்று அப்படி ஏறினாயே, இன்றைக்கு என்ன வந்தது என்பார்கள். வரப்பில் நிற்கிறவராவது சாயந்திரம் வீட்டுக்குப் போய்விடுவார், மறந்தும் போவார். படம் மறக்குமா?

ஆக அன்றைக்குப் பூராவும் வரப்பு நடைதான். சந்தியா முக்காலியில் கேமராவை நிறுத்தி எடுத்தாள். கொளஞ்சியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று சின்னக் கட்டாக எடுத்துக்கொண்டாள். கட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பலகையில் ஒரு கால் வைப்பதும், ஆட்டம் அடங்கும்வரை நிற்பதும், அடுத்த கால் வைப்பதுமாக ஏறினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி கிணற்றில் இறங்குவது போல இருந்தது. நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அந்தப் பெண்ணும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து ஆள் விட்டாள். படத்தை நீங்கள் வந்து பாருங்கள், பார்த்துவிட்டுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் அலமாரியில் வைப்பேன், இல்லையென்றால் அழித்துவிடுவேன் என்று தகவல். கையெழுத்து என்றதும் எனக்கு மறுபடியும் சந்தேகம் பற்றிக்கொண்டது. வேடிக்கை பார்ப்போம் வா என்று முனியன்தான் இழுத்தான். லாரி வராத ஒரு நாளில் நாங்கள் மூன்று பேரும் டவுன் பஸ் ஏறிப் போனோம்.

பெரிய கூடம். பாதி அலமாரி காலி, பாதியில் புத்தகம். தரையெங்கும் பிரிக்காத பெட்டிகள். மூலையில் ஒரு எலும்புக்கூடு இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, நிஜ எலும்பு இல்லையாம். கொளஞ்சியம்மாள் அதன் பக்கம் போகவே மாட்டேன் என்றாள். முனியன் கிட்டே போய் அதன் கையைப் பிடித்துக் குலுக்கி, “மாமா, ஒன் பங்காளி இங்க கீறாரு, பத்திரிக வெக்காம வுட்டுட்ட பாரு” என்றான். நான் புத்தகங்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், அவையோ முக்கால்வாசி இங்கிலீஷ். படங்களைப் பார்த்தேன். தோலை உரித்துப் போட்ட தொடை, ஆடுகிற பெண், ஊன்றுகோல் பிடித்த கிழவன், கம்பு சுற்றுகிறவன். ஒரு கிழவன் நடப்பதைப் பற்றி இவ்வளவு தடியாக எழுத என்ன இருக்கிறதோ.

சந்தியா எங்களை உட்காரவைத்து, முதலில் மலையில் எடுத்ததைப் போட்டாள். மலைக்காரப் பெண் ஒருத்தி தலையில் மூட்டையோடு கல்லுப்பாதையில் இறங்கி வருகிறாள். கீழே பார்க்கவே இல்லை. கால் பாட்டுக்குக் கல்லைத் தேடி வைக்கிறது, மூட்டை அசையாமல் வருகிறது. கொளஞ்சியம்மாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “தே, கழுத்தப் பாரு, கழுத்தப் பாரு” என்று தம்பி தொடையில் தட்டினாள். ஒரு சுமைக்காரிக்கு இன்னொரு சுமைக்காரியைப் பார்த்தால் வருகிற சந்தோஷம் அது.

அடுத்தது எங்கள் கொல்லை வந்தது. பலகை வந்தது. கொளஞ்சியம்மாள் ஏறுகிறாள். கால் வைக்கிறாள், நிற்கிறாள். கால் வைக்கிறாள், நிற்கிறாள். கொல்லையில் பார்த்தபோது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது, அந்தப் பெரிய திரையில் மலைக்காரிக்கு அடுத்துப் பார்த்தபோது எனக்கே என்னவோ போல இருந்தது. நான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கையெழுத்துப் போடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் அவள் முன்னால் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அந்த மலைக்காரப் பொம்பள பக்கத்துல என்னக் கொண்டாந்து நொண்டியாட்டம் நிக்க வச்சிட்ட. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? இவளுக்குப் பலக ஏறவே தெரியாதுன்னு நெனப்பாங்க.”

“புடிக்கலன்னா சொல்லு, போட வேணாம்னு சொல்லிட்டு வர்றன்” என்றேன்.

“சொல்லிட்டு வா. அழிச்சிடட்டும். அப்ப நான் ஏறுனதே இல்லன்னு ஆயிடும்.”

அதோடு பேச்சு நின்றது. சோறு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. சோறு ஆறுகிறது என்பதைக் கோழியிடம் சொல்வாள். தண்ணீர் காய்ந்துவிட்டது என்பதைச் சுவரிடம் சொல்வாள். கொல்லையில் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் தம்பியிடம் கேட்பாள், அவன் மூன்றடி தள்ளி நிற்கிற என்னிடம் வந்து, “மாமா, எங்கக்கா அருவாளு தீட்டற கல்லு எங்கன்னு கேக்குது” என்று மைக்கில் சொல்வது போலச் சொல்வான். செட்டே ரசித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு இருந்த சங்கடம் வேறு யாருக்கும் புரியாது. அவள் ஏறுகிற ஏற்றத்தை மறுபடி எடுக்கச் சொன்னால், முதலில் காட்டியது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வரப்பு நடை வெளியே வந்துவிடும். ஊருக்குத் தெரிந்தால் நாராயணசாமிக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் சுற்றுவட்டாரத்துக் கரும்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். செட்டுக்கே கேடு. சொல்லாவிட்டால் இவள் இப்படியே கோழியோடு பேசிக்கொண்டிருப்பாள். கொல்லையில் ஓடையோரம் கொஞ்சம் நிலம் மட்டும்தான் பாக்கி, வியாழக்கிழமை கடைசி லாரி. அதற்குப் பிறகு வெட்டு அடுத்த மார்கழியில்தான், அப்போது இவள் பலகை ஏறமாட்டாள். ஏறிக் காட்ட வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் காட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலையை முனியனிடம் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

சந்தியா தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு வந்தீர்கள் என்று குடைந்து கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்ல பெண்தான். பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புத்தகத்தை, இதில் படம் நிறைய இருக்கிறது, பாருங்கள் ஐயா என்று கையில் கொடுத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். வெளிதேசத்து ஆலை ஒன்றில் வேலை செய்கிறவர்கள். மூட்டை தூக்குகிறவன், வண்டி தள்ளுகிறவன். ஓரமாகத் தொப்பி போட்ட ஒருத்தன் கையில் கடிகாரத்தோடு நிற்கிறான். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். தள்ளுவண்டிக்காரன் ஒருத்தன் தொப்பிக்காரனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அரை வண்டிச் சரக்கை மலையைத் தள்ளுவது போலப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறான். இடுப்பில் ஒரு கை வேறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவன் வரப்பு நட நடக்கறான்” என்றேன்.

அவள் நிமிர்ந்து, “அப்டின்னா இன்னாங்க ஐயா?” என்றாள்.

வாயை விட்டாயிற்று. வெள்ளைக்காரனே செய்கிறான், நமக்கென்ன என்று ஒரு தைரியமும் வந்தது. துண்டு கட்டுவதிலிருந்து கோழியிடம் பேசுவதுவரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது என்றாள். நான் நம்பவில்லை, விஷயம் தெரிந்த பிறகு எல்லாரும் சொல்கிற பேச்சுதானே. அப்புறம் அவள் படத்தைப் போட்டு ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டினாள்.

“அம்மா ஏறறப்ப கட்டப் புடிச்சிக்கினு நின்னு நின்னு ஏறுறாங்க. ஆனா மேல போட்டுட்டு எறங்குறாங்க பாருங்க, கேமராவ மறந்துட்டாங்க. பலகைய ஒரு மிதி மிதிச்சி, அது தூக்கிவுடற எடத்துல கால வெக்கிறாங்க. எறங்கறதுல இத்தினி தெரிஞ்சவங்களுக்கு ஏறத் தெரியாதான்னு நெனச்சேன்.”

அதுதான் விஷயம். பலகை அழுந்தி மேலே வரும், வருகிறபோது அடுத்த கால் வைத்தால் பலகையே ஆளைத் தூக்கிவிடும். கொளஞ்சியம்மாள் ஏறும்போது கையைக் கட்டில் வைக்கவே மாட்டாள்.

“அப்ப அன்னிக்கே கேக்கறதுதான?” என்றேன்.

“கேட்டா நீங்க இன்னும் ஜாஸ்தி மறைப்பீங்க.”

சரியாகத்தான் சொன்னாள். நான் என் நிபந்தனையைச் சொன்னேன். கொளஞ்சியம்மாளை மட்டும்தான் எடுக்க வேண்டும், செட்டை எடுக்கக்கூடாது. ஒரு பொம்பளை ஏறுவது செட்டுக்கு அளவாகாது. ரெண்டாவது, நாராயணசாமி கொல்லையில் இருக்கக்கூடாது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவார், அந்த நேரத்தில் வரவேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். படிக்கிற பிள்ளைகள் இந்த அறையில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி, வெளியே போகாது என்றும் சொன்னாள். அதை நான் நம்பவில்லை. நம்பாமலே சரி என்றேன்.

வியாழக்கிழமை காலையில் கொளஞ்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைத் திறந்து நல்ல புடவையை எடுத்தாள், பார்த்தாள், மறுபடி உள்ளே வைத்துவிட்டு வேலைப் புடவையையே கட்டிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் நாராயணசாமி மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். சந்தியா வந்தாள். லாரி நின்றது, பலகை சாய்ந்தது, கேமரா முக்காலியில் ஏறியது. கொளஞ்சியம்மாள் தானே கட்டைத் தேர்ந்தெடுத்தாள், அவள் வழக்கமாகத் தூக்குகிற கனத்தில். சும்மாட்டை இறுக்கினாள். முனியன் தூக்கிவிடக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து வரப்பில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

நாராயணசாமிதான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் புதுத் திருநீறு, தலையில் எண்ணெய். சாப்பிடக்கூட இல்லை போல. கேமரா மறுபடி வருகிறது என்று முனியன் யாரிடமோ உளறி, அது அவர் காதுக்குப் போய், படத்தில் நிற்பதற்காக உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். முனியனை நான் முறைத்தேன், அவன் கட்டைப் பார்த்துக்கொண்டான்.

வேறு வழியில்லை. துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். கொல்லை முழுக்க ஒரே நேரத்தில் தளர்ந்தது. செட்டில் ஒருத்தியான தைலம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகக்கூட ஆரம்பித்துவிட்டாள். கொளஞ்சியம்மாள் என் இடுப்பில் கட்டின துண்டைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக நேராக. நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

“தூக்குடா” என்றாள் தம்பியிடம்.

கட்டு தலைக்குப் போயிற்று. ரெண்டு கையையும் தொங்கவிட்டாள். ஏறினாள். பலகை கீழே போய் மேலே வந்தது, அவள் அதன்மேல் ஏறுகிறாளா, அதுதான் அவளை மேலே அனுப்புகிறதா என்று சொல்ல முடியவில்லை. முட்டி வலிக்கிறவள் என்று யாரும் நம்பமாட்டார்கள். உச்சியில் கழுத்தை ஒரு வெட்டு வெட்டிக் கட்டைச் சரித்தாள், அது போய்ச் சொன்ன இடத்தில் விழுந்தது. திரும்பி, பலகையை மிதித்து, துள்ளி இறங்கினாள். அடுத்த கட்டு. அதற்கும் அடுத்தது. ஒரு பக்கம் நாராயணசாமி, அவர் முகத்தைப் பார்க்கவே பயம். இன்னொரு பக்கம், ஏன் மறைக்க வேண்டும், பார்க்க நன்றாக இருந்தது.

நாராயணசாமி என் தோளில் கை வைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

“கேமராவக் கண்டதும் ஒம் பொண்டாட்டிக்கு வந்த ஆட்டத்தப் பாரு மேஸ்திரி” என்றார். “தெனம் இப்டி ஏறுனா எங்கரும்பு எப்பவோ ஆலைக்குப் போயிருக்கும். எல்லாம் நடிப்பு. நான் எத்தினி வருசமா வரப்புல நின்னு பாக்கறன், எனக்குத் தெரியாதா?”

“ஆமாங்க” என்றேன்.

முனியன் லாரிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அங்கிருந்து இருமுவது போல ஒரு சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. சந்தியா கேமராவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நாராயணசாமியை லாரிக்கு முன்னால் நிறுத்தி, கரும்பைப் பிடித்தபடி தனியாக ஒரு படம் எடுத்துக்கொடுத்தாள். அவர் சந்தோஷமாகச் சாப்பிடப் போனார்.

கொளஞ்சியம்மாள் வேர்த்து ஊற்ற என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தண்ணி குடு” என்றாள். என்னிடம்தான்.

குடத்தைத் தூக்கி நானே ஊற்றினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, அந்தாள் சொன்னதைக் கேட்டியா, நடிக்கிறேனாம் என்றாள். கேட்டேன் என்றேன். குடித்த தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

வெட்டு முடிந்த அடுத்த வாரம் மறுபடி நூலகத்துக்குப் போனோம். பெட்டிகள் குறைந்திருந்தன, அலமாரி நிறைந்திருந்தது. கொளஞ்சியம்மாள் இந்தத் தடவை எலும்புக்கூட்டைத் தாண்டித் தைரியமாகப் போனாள். சந்தியா படத்தைப் போட்டாள். கொளஞ்சியம்மாள் ஏறுவதும், அதன்மேல் நாராயணசாமியின் குரலும், எல்லாம் இருந்தது. அந்தக் குரலை எடுத்துவிட வேண்டுமா என்று சந்தியா கேட்டாள். இருக்கட்டும் என்றாள் கொளஞ்சியம்மாள்.

பழையதை அழித்துவிடு என்றேன் நான். சந்தியாவுக்கு அழிக்க மனசில்லை. ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் படிக்கிறவர்களுக்கு விளங்கும், பார்க்கிற ஆள் நின்றால் உடம்பு எப்படி மாறும் என்று சொல்கிற புத்தகங்கள் இந்த அலமாரியில் இருக்கின்றன, இது அவற்றோடு சேரும் என்றாள். ஆனால் ரெண்டுக்கும் மேலே என்ன எழுதுவது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். எழுதினால் கரும்புக்காரருக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

“அந்தாளு கையில சத்தியம் பண்ணிச் சொன்னாக்கூட நம்பமாட்டாரு, நீ ஏன்யா பயந்துக்கினு கீற?” என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு சந்தியா பக்கம் திரும்பினாள். “எழுதிக்க கண்ணு. மொத படத்துக்கு, மேஸ்திரி சின்னக்கண்ணு சொன்னபடி கொளஞ்சியம்மா ஏறுனது. அடுத்த படத்துக்கு, கொளஞ்சியம்மா ஏறுனது. அவ்ளோதான்.”

எனக்கு இது பிடிக்கவில்லை. காலகாலத்துக்கும் என் பெயர் நொண்டி நடைக்குப் பக்கத்தில் நிற்கும். ரெண்டு வார்த்தை வாதாடிப் பார்த்தேன். சந்தியா அதற்குள் எழுதிவிட்டாள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, வேறு எதுவும் மடக்கிவைத்திருக்கிறார்களா என்று காகிதத்தைத் திருப்பியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கொளஞ்சியம்மாள் கட்டைவிரல் வைத்தாள், மை காய்வதற்கு முன்னாலேயே, இன்னொரு தடவை போடு கண்ணு என்றாள்.

போட்டாள். கொளஞ்சியம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தான் ஏறுவதைத் தானே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே அவள் கால்விரல்கள் தரையை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.